குண்டு மெழுகு

டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்து அடியில் தட்டிப் பார்த்தாள் பவானி. எதுவும் விழவில்லை. கரண்டிக் காம்பால் குத்தினாள், காம்புதான் வளைந்தது. ஒரு வருஷமாகப் பரண்மேல் கிடந்த மெழுகு, கோபித்துக்கொண்ட மனுஷனைப் போல இறுகி உட்கார்ந்திருந்தது.

“கல்லாட்டம் ஆயிருச்சு மாமா. இத வெச்சு சுவத்துல ஆணி அடிக்கலாம்” என்றாள் கூடத்தைப் பார்த்து.

கூடத்துக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்த அவள் புருஷன் தங்கராசு கையைத் தூக்கி, ஏதோ பாத்திரத்தைப் பிடித்திருப்பது போல விரல்களை வளைத்து, மெல்லச் சுற்றிக் காட்டினார். தண்ணீரில் வைத்துச் சுற்று என்று அர்த்தம். தொண்டையில் வந்த கட்டி அவருடைய குரலை முக்கால்வாசி எடுத்துக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருந்ததைச் சிக்கனமாகச் செலவழித்தார். இரண்டு நாளாக வாயே திறக்காதவர் இன்று விடிந்ததும் சொன்ன வார்த்தை, “குண்டு மெழுக எடு. எளக்கு.”

அது போதும் அவளுக்கு. புலிப்பாலைக் கேட்டிருந்தாலும் கொண்டுவந்து கொடுத்திருப்பாள்.

அவரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. திட்டக்குடிப் பக்கம் அவர்களுடைய மக்காச்சோளக் கொல்லையில் பன்றி புகுகிறது என்று லைசென்ஸ் வாங்கியது. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டை அவரே வார்ப்பார். தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியதுதான் இந்த மசகு. குண்டைச் சுற்றுகிற துணியில் இதைத் தடவினால்தான் அது குழாய்க்குள் சிக்காமல் இறங்கும் என்பார். இத்தனை ஏற்பாடும் செய்து அவர் சுட்டு விழுந்தது ஒரே ஒரு பனங்குலை. குறி பார்க்கிற நேரத்தில் பன்றியைப் பார்த்து மனசு இளகிவிடுவார். அது பவானிக்கும் தெரியும், பன்றிகளுக்கும் தெரிந்திருந்தது.

சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் டப்பாவை இறக்கி, அடுப்பைச் சிறிதாக்கினாள். கொஞ்ச நேரத்தில் ஓரம் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்தது. நடுவில் கட்டி அப்படியே மிதந்தது. அதிலிருந்து தேன் வாசனை கிளம்பி அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்குப் போயிற்று. பவானி தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. அந்த ஆவியில் நின்றபோது, சிதம்பரத்தில் இந்த வாடகை வீட்டுக்குள் நிற்கிறோமா, பூ விட்ட சோளக் கொல்லை வரப்பில் நிற்கிறோமா என்று அவளுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம்கூட மஞ்சளாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

மாடியில் குடியிருக்கும் ஜான்சி வேலைக்குப் போகும் முன் எட்டிப் பார்த்தாள். நர்ஸ். தினமும் காலையில் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னாண்ணே, நம்மள விட நல்லாருக்கீங்க” என்று பொய் சொல்லிவிட்டுப் போவாள். இன்று அதைச் சொல்லவில்லை. காலையும் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

“பொண்ணுக்கு போன் போட்டுருங்கக்கா.”

“இன்னிக்கேவா?”

“இன்னிக்கே வர சொல்லுங்க. காலு சில்லுனு ஆயிருச்சு. வலி மருந்து ஜாஸ்தி குடுத்துருக்கறதால அவுருக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க பக்கத்துலயே இருங்க.”

கடலூரில் இருக்கிற கயல்விழிக்குப் போன் செய்தாள். “பஸ் ஏறிட்டு சொல்றம்மா” என்று மட்டும் சொன்னாள் மகள்.

பவானி போனை வைத்தாள். அழுகைக்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. சொல்வதற்கு இனி இந்த ஒரு பகல்தான்.

அந்தத் துப்பாக்கி விஷயம். வலி முற்ற ஆரம்பித்த நாட்களில், கொல்லை வீட்டில், ஒரு மத்தியானம் அவர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். துடைத்துக்கொண்டிருந்தால் பயந்திருக்க மாட்டாள். சும்மா உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “மோர் இருக்கா?” என்று கேட்டார். அதற்கப்புறம் அவள் கண் மூடவில்லை. நல்லவேளையாகத் தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாத் தேர்தலுக்கும் செய்வதுபோல அவரும் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். தேர்தல் முடிந்தது. ஜெயித்தவர்கள் நன்றி சொல்லவும் வந்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் துப்பாக்கியை வாங்கி வந்துவிட்டார்கள். பவானி தன் தம்பி செந்தமிழ்செல்வனைக் கூப்பிட்டு, “அது அங்கயே கெடக்கட்டும். மாமா கேட்டா இன்னும் குடுக்கலன்னு சொல்லு” என்றாள்.

அவர் கேட்கவே இல்லை. கேட்காததுதான் அவளை வாட்டியது. அவளாகவே வாராவாரம் போய், “ஸ்டேஷன்ல இன்னும் குடுக்கலியாம் மாமா, பெரிய அதிகாரி லீவாம்” என்பாள். அவர் தலையை ஆட்டுவார். அந்தப் பெரிய அதிகாரியை அவள் பாவம், ஒரு வருஷமாக லீவிலேயே வைத்திருந்தாள்.

கட்டின புருஷனை நம்பாமல் பொய் சொல்லி, அந்தப் பொய்யோடு அவரை அனுப்புவதா? இதைத்தான் நினைத்துக்கொண்டு, மெழுகை இளக்க விளக்கெண்ணெய் பாட்டிலை டப்பாவில் சாய்த்தாள். கை நின்றிருக்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. குபுக்கென்று விழுந்தது.

டப்பாவை எடுத்துக்கொண்டு கட்டிலருகில் போனாள். தங்கராசு ஆட்காட்டி விரலை விட்டு எடுத்தார். மெழுகு விரலில் நிற்காமல் மணிக்கட்டு வரை வழிந்து போர்வையில் சொட்டியது.

“ஓடுது” என்றார் காற்றாக.

“ஓடுனா ஓடட்டும் மாமா. இனிமே அத வெச்சு...” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனிமேல் யார் சுடப்போகிறார்கள் என்பது வாய்க்குள்ளேயே நின்றது. சொல்லாமல் நின்றதுகூட அவருக்குக் கேட்டிருக்கும். அவர் கண்ணை மூடித் திறந்தார். சண்டைக்கு வரவில்லை.

“மெழுகு சேத்தா கெட்டியாவும்ல? கரண்டு போனா கொளுத்த வெச்சிருக்கற மெழுகுவத்திய ஒடச்சுப் போடட்டா?”

தங்கராசு முகத்தைச் சுளித்தார். அவள் ரசத்தில் பெருங்காயம் போட மறந்த நாட்களில் சுளிப்பாரே, அதே சுளிப்பு. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு வந்த அந்த முகத்தைப் பார்த்து பவானிக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம்.

“பொட்டியில... தேன்மெழுகு” என்றார்.

பச்சைத் தகரப் பெட்டி பின்னறையில் மூட்டைகளுக்குக் கீழே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து அவள் அதைத் திறக்கவில்லை. திறக்கப் பயம். இழுத்தபோது பெட்டி நினைத்ததைவிட லேசாக வந்தது. மூடியைத் தூக்கினாள். வார்க்கிற அச்சு, கரி பிடித்த கரண்டி, சதுரம் சதுரமாக வெட்டிய பழைய வேட்டித் துணி, காகிதத்தில் பொதிந்த தேன்மெழுகு. எல்லாம் இருந்தது. குண்டுகளைப் போட்டு வைக்கும் மஞ்சள் பை அழகாக நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பைக்குள் ஒன்றும் இல்லை.

குண்டுகள் எங்கே போயின? துப்பாக்கி இல்லாமல் குண்டை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று புத்தி சொன்னது. ஆனாலும் எழுந்து போய், போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் தலையணைக்கடியில் கைவிட்டுப் பார்த்தாள். அவருடைய கண்ணாடிக்கூடுதான் இருந்தது. தங்கராசு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா தேடற?”

“எறும்பு மாமா. எறும்பு இருந்துச்சு.”

திரும்பவும் அடுப்பு, திரும்பவும் ஆவி. தேன்மெழுகைச் சீவிப் போட்டுக் கரையும் வரை கலக்கினாள். ஆற ஆறவும் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் எண்ணெய் மேலே தனியாக நின்றுவிடும் என்பது ஞாபகம் இருந்தது. கூடத்தில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கலக்கினாள். அவர் தூங்கினார், விழித்தார், சோளக் கொல்லையில் யாரையோ பார்த்து, “மெதுவா போங்கடா, தட்டய மிதிக்காத” என்று உதடசைத்தார். பன்றிகளிடம்தான் பேசுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது. அந்தச் சத்தம் வீதிகளைச் சுற்றிக்கொண்டு வந்ததுபோலத் தாமதமாக வந்து, போகாமல் வீட்டுக்குள்ளேயே நின்றது. கரண்டி கனத்துக்கொண்டே போனது. மெழுகு வெளுத்து, வெண்ணெய் நிறத்துக்கு வந்தது.

தங்கராசு கட்டைவிரல் நகத்தை அதில் அழுத்தினார். பிறை போலத் தடம் விழுந்தது. விழுந்த தடம் மூடிக்கொள்ளவில்லை, வெடிக்கவும் இல்லை.

“இப்ப பதம்” என்றார். பிறகு கட்டிலைத் தட்டினார். “கால வெய்யி.”

“எந்தக் கால?”

“ஒன் கால. வெய்யி.”

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் பதறிப்போய் எழுந்தாள். “ஐயோ மாமா, என் காலத் தொடுவீங்களா நீங்க? எனக்கு பாவத்த சேக்காதீங்க. நானே போட்டுக்கறேன், குடுங்க.”

அவர் டப்பாவைக் கொடுக்கவில்லை. தரையைக் காட்டினார். சிமெண்டுத் தரையில், கட்டிலிலிருந்து அடுப்படி வரை, அங்கங்கே சின்னச் சின்னதாகக் கறுத்த பொட்டுகள் இருந்தன. குதிகால் வெடிப்பிலிருந்து கசிந்து காய்ந்த ரத்தம். அவள் இத்தனை நாளாகப் பார்க்கவில்லை.

“படுத்துக் கெடக்கறவனுக்கு” என்று நிறுத்தி மூச்சு வாங்கினார். “ஒன் காலு மட்டுந்தான் தெரியுது.”

பவானி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, காலை எடுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்மேல் தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். அவர் கட்டைவிரலால் மெழுகை வழித்து, ஒவ்வொரு வெடிப்பாகத் தேடி, உள்ளே போகும்படி அழுத்தினார். குண்டுக்குத் துணி சுற்றும்போது இருக்கிற அதே கவனம். முதலில் சுரீரென்றது. அப்புறம் அந்த இடம் பேசாமலாகிவிட்டது. விரல் சில்லென்று இருந்தது, மெழுகில் மட்டும் சூடு இருந்தது. அவள் சத்தம் வராமல் அழுதாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

“மாமா, அந்தத் துப்பாக்கி...”

“ஸ்டேஷன்ல குடுக்கலியா?”

கேட்டவரின் உதட்டோரம் லேசாக இழுபட்டது. சிரிப்பா, வலியா என்று தெரியவில்லை. ஆமாம் மாமா, நான்தான் பொய் சொன்னேன், எனக்கு உங்களைப் பார்த்துப் பயமாக இருந்தது என்று தொண்டை வரை வந்தது. வந்தது வேறு.

“குடுக்கல மாமா.”

“சரி” என்றார். “அடுத்த கால வெய்யி.”

இரண்டாவது கால் முடிந்ததும் கை அவள் பாதத்தின் மேலேயே ஓய்ந்துவிட்டது. தூங்குகிறார் என்று அசையாமல் இருந்தாள். வெளியே தள்ளுவண்டிக்காரன் பண்ருட்டிப் பலா என்று கூவிக்கொண்டு போனான். போன் அதிர்ந்தது. “பி.முட்லூர் தாண்டிட்டம்மா, கிட்ட வந்துட்டேன்” என்றாள் கயல்விழி. “சரி வா” என்று சொல்லிவிட்டு அவர் மார்பைப் பார்த்தாள். ஏறி இறங்கியது. ஏறியது. இறங்கியது. அடுத்து ஏறும் என்று அவள் காத்திருந்தாள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் வரைக்கும் காலை எடுக்காமல் காத்திருந்தாள்.

அதற்கப்புறம் வீடு நிறைந்தது. யார் யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நடப்பது போலிருந்தது. பக்கத்து வீட்டு மணவாளன் இதெல்லாம் தெரிந்தவர். தாடையைக் கட்டினார், கால் கட்டைவிரல்களைக் கட்டினார். கைக் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியபோது துணி நழுவியது. மறுபடி கட்டினார், மறுபடியும் நழுவியது.

“என்னாம்மா இது, வெரலெல்லாம் எண்ணெயா வழுக்குது?”

“சோப்பு போட்டுத் தொடச்சுடட்டாம்மா?” என்று கயல்விழி எழுந்தாள்.

“தொடைக்காத” என்றாள் பவானி. சொன்ன வேகத்தில் கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. “அது இருக்கட்டும். இன்னும் ரெண்டு சுத்து சேத்து சுத்துங்க, நிக்கும்.”

நின்றது.

மறுநாள் எரித்தார்கள். அதற்கு மறுநாள் காலையில் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, சாம்பலைக் கிள்ளைக் கடலில் கரைக்கப் புறப்பட்டார்கள். பொம்பளைகள் எதற்கு என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். “அம்மா வரும்” என்றாள் கயல்விழி. அந்தக் குரலைக் கேட்டதும் அவர் வழிவிட்டு நகர்ந்தார்.

கிளம்பும் முன் பவானி பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். துக்க வீட்டில் காலுக்கு மெழுகு பூசுகிறவளைப் பார்த்தால் சனம் ஒரு வருஷத்துக்குப் பேசும். பேசட்டும். மெழுகின் நடுவில் அவருடைய நகத்தடம் அப்படியே இருந்தது. அதைத் தொடாமல் ஓரத்தில் வழித்து இரண்டு குதிகாலிலும் அழுத்தித் தடவிக்கொண்டாள்.

செந்தமிழ்செல்வன் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். கிள்ளைப் பக்கத்து மீன்காரர்களுக்கெல்லாம் அவன்தான் ஐஸ் கொண்டுபோய்ப் போடுவது. அன்று பின்னால் ஐஸ் இல்லை, ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அவனுக்குப் பக்கத்தில் பவானி. மடியில் மண்கலயம்.

“ஸ்டேஷன்ல தகவல் சொல்லணும்க்கா” என்றான். “லைசென்ஸ்காரர் போயிட்டாருன்னா எழுதிக் குடுக்கணும்.”

“குடு” என்றாள். பிறகு பொறுக்க முடியாமல் வந்துவிட்டது. “பொய்யோடயே அனுப்பிட்டண்டா அவர. கடைசியா ஒரு வாட்டி கேட்டாரு. அப்பவும் பொய்தான் சொன்னேன். அந்தக் குண்டுங்க வேற காணும். என்னாத்துக்கு, எங்க ஒளிச்சு வெச்சாரோ.”

அவன் வண்டியை மெதுவாக்கினான்.

“குண்டு என்கிட்டதான் குடுத்தாரு.”

“எப்ப?”

“ஸ்டேஷன்ல துப்பாக்கிய குடுத்துட்டு வந்த அன்னிக்கே. ‘மச்சான், இத வலைக்காரங்ககிட்ட போட்டுரு, உருக்கி வெயிட்டு கட்டிக்குவாங்க’ன்னாரு. தேர்தல் முடிஞ்சாலும் துப்பாக்கிய எடுக்காதன்னு சொன்னதும் அவருதான். ‘ஒங்கக்கா தூங்கறதில்லடா’ன்னாரு.”

பவானி அவனையே பார்த்தாள். “நீ ஏண்டா சொல்லல என்கிட்ட?”

“நீ எடுக்காதன்ன. அவரும் எடுக்காதன்னாரு. ரெண்டு பேரும் ஒண்ணத்தான சொன்னீங்க. நடுவுல நான் என்னாத்த சொல்றது?” அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “நீ வாராவாரம் வந்து அதிகாரி லீவுன்னு சொல்லிட்டுப் போவியே, நீ அந்தப் பக்கம் போனதும் என்னயப் பாத்துக் கண்ணடிப்பாரு. ‘பாவம், சொல்லிட்டுப் போவட்டும், அவளுக்கு நிம்மதியாருக்குல்ல’ம்பாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கலயத்தை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் இருந்த ஆண்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து, பாவம், அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர்கள் நினைத்தது சரியாகிவிட்டது.

கடற்கரையில் வெயில் மெல்லிய பனி வழியாக வந்துகொண்டிருந்தது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. படகோரமாக இரண்டு பேர் வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வலையின் கரை நெடுக ஈயம் கட்டியிருந்தது. உதறும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசி மெலிதாகச் சத்தம் கேட்டது. அவள் அங்கே கொஞ்ச நேரம் நின்றாள்.

“ஆழத்துக்குப் போவாதம்மா” என்றாள் கயல்விழி.

பவானி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கலயத்துடன் தண்ணீருக்குள் இறங்கினாள். மாசி மகத்துக்கு வருஷாவருஷம் இங்கே வந்திருக்கிறாள். உப்புத் தண்ணீர் பட்டதும் குதிகால் வெடிப்பெல்லாம் தீயாய் எரியும். எரிச்சலில் அவள் குதிக்க, கரையில் நின்று அவர் சிரிப்பார். இப்போதும் எரியப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அலை வந்தது. பாதத்தை மூடி, கணுக்காலைச் சுற்றி, மணலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனது. அவள் இன்னொரு அலைக்கும் காத்திருந்தாள். எரியவில்லை.